பீச்சும் தண்ணீரும் பிடித்துப்போன போல்ற்றும்

முல்லைத்தீவுக் கரையில் படகின் பின்புறம் தொங்கும் எஞ்சினை இயக்கியவர் முதலில் பார்ப்பது முன்னால் கிடக்கும் கடலை அல்ல. தன் முதுகுப் பக்கத்தை. எஞ்சின் மூடிக்குக் கீழே சிறிய துவாரம் ஒன்று இருக்கிறது. அதன் வழியே எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பீச்சினால் மனம் ஆறும், படகு கிளம்பும். சின்னப் பிள்ளைகள் எஞ்சின் ஒன்றுக்குப் போகிறது என்று சிரிப்பார்கள். பெரியவர்கள் அப்படிச் சொல்லக் கூச்சப்பட்டு, "தண்ணீர் வருகிறதா?" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். கள்ளப்பாட்டிலும் சரி, சிலாவத்தையிலும் சரி, விடியற்காலையில் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்.

அந்தத் தண்ணீரை நாங்கள் அளவுக்கு மீறி நம்புகிறோம் என்பது என் கட்சி. எஞ்சினுக்குள் போகும் தண்ணீரில் ஒரு சிறு பங்கைத்தான் அந்தத் துவாரம் வெளியே காட்டுகிறது. உள்ளே தண்ணீரைத் தள்ளும் றப்பர்ச் சக்கரம்தான் இம்பெலர்; பாதி தேய்ந்த இம்பெலரும் ஒரு கோடு தண்ணீரைப் பீச்சிவிடும். நல்ல இம்பெலர் உள்ளே இருந்தும் துவாரம் வறண்டு கிடக்கும் நாட்களும் உண்டு. மாரியில் எஞ்சினை வீட்டு விறாந்தையில் நிறுத்தி வைத்தால் குளவி அந்தத் துவாரத்தைத்தான் தேடி வந்து மண்ணால் அடைக்கும். தங்கூசித் துண்டொன்றை உள்ளே விட்டுக் குத்தினால் மண் உதிர்ந்து தண்ணீர் வந்துவிடும்; அதற்குள் பாதி ஊர் கூடி, பம்ப் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதியிருக்கும்.

வன்னி என்றதும் குளம், வயல், காடு என்று மட்டும் நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கொக்கிளாயில் தொடங்கி நாயாறு, செம்மலை, அளம்பில், முல்லைத்தீவு, முள்ளிவாய்க்கால், மாத்தளன், சாலை என்று வடக்கே நீளும் கரையும் வன்னிதான். வயல்காரருக்கும் எங்களுக்கும் பம்ப் பொதுவான சொல், ஆனால் உள்ளே இருக்கும் சரக்கு வேறு. தோட்டத்துக்கு இறைக்கும் பம்ப்பில் சுழல்வது உலோகச் சக்கரம். அது சுற்றிலும் உள்ள சுவரைத் தொடாது. வேகத்தால் தண்ணீரை வெளியே எறிகிறது. படகு எஞ்சினில் இருப்பது றப்பர். நடுவில் உலோகக் குடம், அதைச் சுற்றி இதழ்கள், பெரும்பாலும் ஆறு. அது இருக்கும் கிண்ணத்தின் நடுவும் தண்டின் நடுவும் ஒன்றல்ல. அதனால் ஒரு பக்கத்தில் இதழ்கள் நிமிர்ந்தும் மறு பக்கத்தில் நசுங்கி மடிந்தும் சுற்றுகின்றன. நிமிரும்போது இடம் விரிந்து தண்ணீரை உறிஞ்சும், மடியும்போது இடம் சுருங்கித் தண்ணீரை மேலே தள்ளும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மெதுவாக ஓடும்போது இதழின் நுனி சுவரோடு ஒட்டி, ஒவ்வொரு சுற்றிலும் அளந்து தள்ளுகிறது. வேகம் கூடும்போது உள்ளிருக்கும் தண்ணீரின் அழுத்தமே இதழ்களைச் சுவரிலிருந்து விலக்கிவிடும். அப்போது அது தோட்டத்துப் பம்ப்பின் வேலையைச் செய்யத் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் இதழ் தேய்ந்த பம்ப்பின் குறை முதலில் வேகத்தில் தெரிவதில்லை. பெரும்பாலும் மெதுவாக ஓடும்போதுதான் எஞ்சின் சூடேறும். கைப்பிடியை முறுக்கியதும் தண்ணீர் பீச்சும், சூடு இறங்கும். ஆட்களும் "ஒன்றுமில்லை, நன்றாகத்தான் வருகிறது" என்று போய்விடுவார்கள்.

கடந்த சோளகக் (தென்மேற்குக் காற்றுக்) காலத்தில் அளம்பிலுக்கு நேரே எங்கள் படகுக்கு நடந்தது இதுதான். அத்தானும் அவருடைய தம்பியும் நானும் போயிருந்தோம். வலை இழுக்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் விழும் தண்ணீர் மெலிந்து, விட்டுவிட்டு, பிறகு வெறும் ஆவியாக வந்தது. அத்தான் முறுக்கிப் பார்த்தார், மீண்டும் தண்ணீர் வந்தது. அவர் அதை நம்பவில்லை. மூடியைக் கழற்றி, சிலிண்டர் தலையில் கையை வைக்காமல், விரலால் இரண்டு சொட்டுக் கடல்நீரைத் தெளித்தார். சொட்டு உடனே கொதித்துச் சுருண்டு, வெள்ளை உப்புப் புள்ளியாக ஒட்டிக்கொண்டது. "நிறுத்து" என்றார். சிலாவத்தைப் படகு ஒன்று எங்களை இழுத்து வந்தது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரியும் மாவட்டத்தில், கடல்நீர் போதாமல் எங்கள் எஞ்சின் எரியப் பார்த்தது என்று அத்தானின் தம்பி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கயிற்றில் இழுபட்டு வருகிறவர்களுக்கு வேறு என்ன வேலை?

அந்த இரண்டு சொட்டுத் தண்ணீர் நல்ல சோதனை. கார் எஞ்சினின் தெர்மோஸ்ராற், அதாவது சூடேறிய பிறகே தண்ணீரை விடும் அடைப்பான், பொதுவாக 80 பாகை செல்சியஸுக்கு மேல்தான் திறக்கும். கடல்நீரால் குளிரும் எஞ்சினில் 50, 60 பாகையிலேயே திறக்கும்படி வைத்திருப்பார்கள். ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. சூடு கூடினால் அது உள்ளே உள்ள வழிகளில் படிந்து, தண்ணீர் போகும் பாதையை நிரந்தரமாக ஒடுக்கிவிடும். ஆகவே சொட்டு கொதிக்கிறதென்றால் எஞ்சின் இருக்க வேண்டிய சூட்டை எப்போதோ தாண்டிவிட்டது. இரண்டு ஸ்ரோக் எஞ்சினில் அடுத்தது பிஸ்டன் சிலிண்டரைப் பிடிப்பது. அதற்குப் பிறகு பேச்சு இம்பெலரைப் பற்றியதாக இருக்காது, கடனைப் பற்றியதாக இருக்கும்.

எங்கள் கரை இம்பெலரைச் சீக்கிரம் தின்கிறது என்பதற்குக் காரணம் தேடிப் போக வேண்டியதில்லை. துறைமுகத்தில் ஆழத் தண்ணீரில் கட்டி வைக்கும் படகுகள் அல்ல இவை. அலை உடையும் இடத்தைக் கடந்துதான் போக வேண்டும், வர வேண்டும். எஞ்சின் அங்கே உறிஞ்சுவது தண்ணீரில் கலந்த மணலை. நாயாற்று வாயிலும் கொக்கிளாய் வாயிலும் மணல் திட்டு எந்தக் கிழமை எந்தப் பக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது. நந்திக்கடல் பக்கம் போனால் மணலுக்குப் பதில் சுரி. இவற்றோடு சாதாழையும், இப்போது எல்லாவற்றுக்கும் மேலாக பிளாஸ்ரிக் பையும் உறிஞ்சும் சல்லடையை மூடிக்கொள்கின்றன. மணல் றப்பரை மட்டும் தேய்ப்பதில்லை. இதழ்களுக்குக் கீழே இருக்கும் உருக்குத் தகட்டில் வட்டமாகக் கோடு கீறிவிடுகிறது. அந்தக் கோட்டில் நகம் தடக்கினால், புது இம்பெலரைப் போட்டும் பயனில்லை. தண்ணீர் அந்தப் பள்ளத்தால் திரும்பி ஓடிவிடும்.

இதைவிட மோசமானது கரையில் வைத்து எஞ்சினை இழுத்துப் பார்க்கும் பழக்கம். "ஒரு தடவை முழங்குகிறதா பார்ப்போம்" என்று தண்ணீரில்லாமல் இயக்குவது. இதழுக்கும் கிண்ணத்துக்கும் இடையே வழுக்கலாக இருப்பது தண்ணீர் ஒன்றுதான். அது இல்லாமல் அரை நிமிடம் ஓடினாலே றப்பர் நுனி கருகத் தொடங்கிவிடும். எஞ்சின் விற்பவரும் வாங்குபவரும் கரையில் நின்று சத்தத்தைக் கேட்டு விலை பேசும் காட்சியை நான் பார்த்திருக்கிறேன். சத்தம் இனிமையாகத்தான் இருக்கும். உள்ளே பம்ப் வெந்துகொண்டிருக்கும்.

சரி, மாற்றும் வேலைக்கு வருவோம். கையேடுகளில் இது ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். கீழ்ப்பகுதியைத் தாங்கும் போல்ற்றுகளைக் கழற்றுக, கீழே இறக்குக, பம்ப்பைத் திறக்குக, புதியதைப் பொருத்துக. (எங்கள் வீட்டில் கையேடு பொலித்தீன் பையில் சுற்றி, காணி உறுதியோடு அலுமாரியில் இருக்கிறது. யாரும் வாசித்ததில்லை, யாரும் எறியவும் விடமாட்டார்கள்.) அந்த முதல் வரியில்தான் முழு வேலையும் இருக்கிறது. இம்பெலர் மாற்ற அரை மணித்தியாலம் போதும். போல்ற் கழற்றுவதற்கு அரை நாள் போகும், சில வேளை இரண்டு நாளும் போகும்.

ஏன் என்றால் எஞ்சினின் உடல் அலுமினியம், போல்ற் துருவேறாத உருக்கு. இரண்டு வேறு உலோகங்களுக்கு இடையே உப்புத்தண்ணீர் நின்றால் அங்கே சிறு மின்னோட்டம் உண்டாகிறது. அதில் கரைந்து போவது அலுமினியம். கரைந்தது வெள்ளைத் தூளாகப் புரிகளுக்குள் இறுகி, போல்ற்றைச் சீமெந்தாகப் பிடித்துக்கொள்ளும். துருவேறாத உருக்குத்தானே என்று கெட்டித்தனமாக ஸ்பனரில் குழாயைச் செருகி ஏறி மிதித்தால், போல்ற் தலை கையோடு வரும், உடல் உள்ளேயே நிற்கும். எங்கள் கரையில் இம்பெலரைக் காலத்துக்கு மாற்றாமல் விடுபவர்களில் பெரும்பாலோர் சோம்பேறிகள் அல்ல. அவர்கள் அஞ்சுவது அந்த முறிந்த போல்ற்றுக்கு. "ஓடும்வரை ஓடட்டும், திறந்தால் வீண் செலவு" என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது. கடைக்காரரும் மெக்கானிக்குகளும் இம்பெலரின் தரத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், படகு எஞ்சின்களைக் கொல்வது இம்பெலர் அல்ல, கிறீஸ் பூசாமல் முடுக்கிய போல்ற்.

அத்தான் இந்த வேலையைத் தொடங்குவது முதல் நாள் மாலையில். எஞ்சினைப் படகிலிருந்து இறக்கி, வாடிக்குப் பின்னால் பூவரச நிழலில் நட்டிருக்கும் மரச் சட்டத்தில் மாட்டுவார். கியரை மாற்றும் கம்பி எந்த நிலையில் இருக்கிறதென்று பார்த்துக்கொள்வார். எந்தக் கியரில் கழற்றினோமோ அதே கியரில்தான் திரும்பப் பூட்ட வேண்டும். பிறகு நல்ல தண்ணீரால் கழுவி, கம்பித் தூரிகையால் போல்ற் தலைகளின் சுற்றில் உள்ள வெள்ளைத் தூளைச் சுரண்டி எடுப்பார். மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்த கலவையைத் துளித்துளியாக ஒவ்வொன்றிலும் விட்டு இரவு முழுக்க ஊற விடுவார். கடையில் தகரத்தில் விற்கும் துருநீக்கி இருந்தால் அதுவும் நல்லதுதான். பொறுமை இருந்தால் இரண்டும் ஒரே வேலையைச் செய்யும்.

காலையில் சுத்தியலால் போல்ற் தலையில் நேராகத் தட்டுவார். பலமாக அல்ல; ஆனால் நிறையத் தடவை. அந்த அதிர்வில் தூளின் பிடி நொறுங்கும், எண்ணெய் உள்ளே இறங்கும். அதற்குப் பிறகு அவர் செய்வதைப் பார்க்கும் புதியவர்கள் திகைத்துப் போவார்கள். கழற்றும் பக்கம் திருப்ப மாட்டார், முதலில் முடுக்கும் பக்கம் திருப்புவார், ஒரு மயிரிழை. 'கிறீச்' என்று ஒரு சத்தம் வந்தால் வேலை பாதி முடிந்தது. பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று, மீண்டும் முடுக்கும் பக்கம் அரைக்கால் சுற்று, எண்ணெய், மீண்டும் கால் சுற்று. புரிக்குள் இருக்கும் தூளை அரைத்து வெளியே கொண்டுவர இதைவிட வேறு வழி கிடையாது. சத்தம் வராமல் போல்ற் தலை மட்டும் மெத்தென்று திரும்பினால் உடனே நிறுத்த வேண்டும். அது கழர்கிறது என்று அர்த்தமில்லை, முறுகி அறப்போகிறது என்று அர்த்தம். அப்போது சூடு காட்ட வேண்டும். சூட்டில் அலுமினியம் உருக்கைவிட அதிகம் விரியும். துளை கொஞ்சம் இளகும். சுவாலையைப் போல்ற்றில் காட்டாமல் சுற்றியுள்ள அலுமினியத்தில், ஓரிடத்தில் நிறுத்தாமல் காட்ட வேண்டும். எண்ணெய் ஊறிய இடத்தில் நெருப்பு என்பதையும் மறக்கக் கூடாது. எண்ணெயை நன்றாகத் துடைத்து, பெற்றோல் கலனை ஊருக்கு அப்பால் வைத்துவிட்டுத்தான் அந்த வேலை.

சில மாதிரிகளில் இன்னொரு போல்ற் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். புரொப்பெல்லருக்கு மேலே, பின்பக்கம் தொங்கும் சிறு உலோகத் துடுப்பைக் கழற்றினால்தான் அது தெரியும். எல்லாம் கழற்றிய பிறகும் கீழ்ப்பகுதி இறங்கவில்லையே என்று நெம்புகோல் போட்டு அலுமினியத்தை வெடிக்க வைத்தவர்கள் உண்டு. அந்தத் துடுப்போ, அதற்குப் பக்கத்தில் இருக்கும் சிறு கட்டியோ எஞ்சினுக்காகத் தானே கரைந்து போவதற்கென்று வைத்த உலோகம். அதற்கு மேல் பெயின்ற் அடித்தால் அது வேலை செய்யாது. விற்பதற்கு முன் எஞ்சினைத் தலை முதல் கால்வரை பளபளவென்று பெயின்ற் அடித்துக் கொண்டுவருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கீழ்ப்பகுதி பிரிந்து வந்ததும் நீண்ட தண்டு மேலே நிற்கும். அதன் அடியில் பம்ப். எங்கள் எஞ்சினில் பம்ப்பின் கூட்டைத் தூக்கியபோது உள்ளே இருந்தது இது: கறுப்பு றப்பர், ஆறு இதழ்களில் நான்கு ஒரே பக்கம் மடிந்து அப்படியே விறைத்துக் கிடந்தன. விரலால் நிமிர்த்தினால் நிமிரவில்லை. ஐந்தாவது இதழின் அடியில், குடத்தோடு சேரும் இடத்தில் மெல்லிய பிளவு. மடித்துப் பார்த்தால் வாய் திறந்தது. ஆறாவது அங்கே இல்லை. அடித்தண்டு மட்டும் ஒரு கட்டை விளிம்பாக நின்றது. கிண்ணத்தின் உள்ளே உருக்கு உறையில் சாம்பல் நிறத்தில் றப்பர் தீய்ந்த தடம். பக்கத்தில் நின்ற பெறாமகன் அதை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

பலரும் இங்கே புதியதைப் போட்டு மூடிவிடுவார்கள். அத்தான் கேட்டது, "அந்த இதழ் எங்கே?" என்றுதான். அது கரைந்து போகும் பொருள் அல்ல. தண்ணீர் போன வழியே மேலே போயிருக்கும். கூட்டின் வாயில் இல்லை, செம்புக் குழாயில் இல்லை. கடைசியில் தெர்மோஸ்ராற் மூடியைத் திறந்தபோது, சுண்டுவிரல் நகமளவு துண்டு வாயிலேயே குறுக்கே கிடந்தது. அதை விட்டிருந்தால் புது இம்பெலர் எவ்வளவு தள்ளினாலும் மேலே தண்ணீர் போயிருக்காது. கடைக்காரர் தந்தது போலிச் சாமான் என்று நாங்களும் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்போம்.

தெர்மோஸ்ராற் பற்றி ஒரு இடைச்சொருகல். எஞ்சின் சூடேறுகிறதென்றால் அதைக் கழற்றி எறிந்துவிடு என்று சொல்லும் வைத்தியர்கள் எங்கள் கரையில் நிறைய இருக்கிறார்கள். பெற்றோல் எஞ்சினில் அதுவே கெட்ட வைத்தியம். எங்களுடையவை மண்ணெண்ணெய் எஞ்சின்கள். பெற்றோலில் தொடங்கி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம், நிறுத்துவதற்கு முன் மீண்டும் பெற்றோலுக்கு வருவோம். மண்ணெண்ணெய் ஒழுங்காக ஆவியாக எஞ்சினில் சூடு வேண்டும். தெர்மோஸ்ராற் இல்லாமல் சில்லென்று ஓடும் எஞ்சினில் பாதி எரிந்த மண்ணெண்ணெய் கரியாகப் படியும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாவுக்குப் போன நாடு இது. அதைப் பாதி எரித்துப் பாதி கரியாக்க எங்களுக்குக் கட்டாது.

பழைய இம்பெலரை எறிய மனம் வராத தலைமுறை ஒன்று இன்னும் எங்களோடு இருக்கிறது. மாமா ஒரு பால்மாத் தகரத்தில் பழைய இம்பெலர்களைச் சேர்த்து வைத்திருந்தார். 1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்ததிலிருந்து 2002இல் ஏ9 பாதை திறக்கும்வரை வன்னிக்குள் உதிரிப்பாகம் என்பது கேட்டு வாங்கும் பொருள் அல்ல. எரிபொருளும் அப்படித்தான், இரண்டு சொட்டுப் பெற்றோலை விட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய காலம் அது. அந்த நாட்களில் மாமா தகரத்தைக் கொட்டி, இதழ்களை ஒவ்வொன்றாக மடித்துப் பார்த்து, உள்ளதில் குறைவாக விறைத்ததைத் தேர்ந்து போடுவார். சிலர் மடிந்த இம்பெலரைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவார்கள். எதிர்ப்பக்கம் மடிந்தால் புதிதாகிவிடும் என்ற கணக்கு. ஒரு பக்கம் மடிந்து பழகிய றப்பரை மறுபக்கம் மடக்கினால் அடியிலேயே வெடிக்கும் என்பதை மாமா அனுபவத்தில் அறிந்திருந்தார், அதனால் அதை மட்டும் செய்ய மாட்டார். அந்தக் காலத்துச் சிக்கனத்தை நான் குறை சொல்லமாட்டேன். கடை முல்லைத்தீவிலேயே இருக்கும்போதும் அதே தகரத்தைக் கிளறுவதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வாங்கும்போது இம்பெலரை மட்டும் வாங்குவது பொய்யான சிக்கனம். கிண்ணத்தின் உருக்கு உறை, கீழ்த் தகடு, கஸ்கற்றுகள், தண்டோடு இம்பெலரைப் பூட்டும் சிறு ஆப்பு எல்லாம் சேர்ந்த தொகுதியாகக் கிடைக்கிறது. தகட்டில் கோடு விழுந்திருந்தால் அந்தத் தொகுதிதான் வேண்டும். எஞ்சினின் மாதிரி எண்ணைத் துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். 'நாற்பதுக்குத் தாருங்கள்' என்று குதிரைவலுவைச் சொல்லி வாங்கினால், உயரத்தில் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசமான ஒன்று வந்து சேரலாம். அது உள்ளே போகும், சுற்றும், தண்ணீர் மட்டும் ஏறாது. கடையில் நின்றபடியே இதழ் ஒன்றை நன்றாக மடக்கி விடுங்கள். உடனே நிமிர்ந்தால் வாங்கலாம். சோம்பலாக எழும்பினால் அது எத்தனை வருடம் வெயில் அலுமாரியில் கிடந்ததோ. றப்பருக்கு ஓடாமல் கிடந்தாலும் வயது போகும்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. அந்தச் சிறு ஆப்பைத் தண்டின் பள்ளத்தில் கொஞ்சம் கிறீஸ் வைத்து ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது மணலில் விழும், பிறகு எல்லோரும் முழந்தாளில் நின்று தேட வேண்டிவரும். ஆப்பு இல்லாமல் மூடினால் தண்டு சுற்றும், இம்பெலர் சும்மா நிற்கும். இம்பெலருக்கும் கிண்ணத்துக்கும் சவர்க்காரத் தண்ணீரோ கிளிசரினோ பூச வேண்டும், முதல் சில விநாடிகள் காய்ந்து உரசாமல் இருக்க. எஞ்சின் எண்ணெயோ மண்ணெண்ணெயோ பூசாதீர்கள். சில றப்பர்கள் அதில் ஊதிப்போகும். கூட்டை இறக்கும்போது தண்டை மேலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டே அழுத்தினால் இதழ்கள் தாமாகவே சரியான பக்கம் மடிந்து உள்ளே போகும்.

கடினம் கடைசியில் இருக்கிறது. கீழ்ப்பகுதியைத் தூக்கிப் பூட்டும்போது மூன்று பொருட்கள் ஒரே நேரத்தில் சேர வேண்டும்: தண்டின் பற்கள் மேலே எஞ்சினில், கியர்க் கம்பி அதன் இணைப்பில், தண்ணீர்க் குழாய் பம்ப்பின் றப்பர் வாயில். முதலாவதும் இரண்டாவதும் சேராவிட்டால் கீழ்ப்பகுதி மேலே போகாது, உடனே தெரிந்துவிடும். குழாய் சேராவிட்டால் ஒன்றும் தெரியாது. எல்லாம் அழகாக மூடிக்கொள்ளும், பம்ப் தள்ளும் தண்ணீர் முழுவதும் எஞ்சினின் காலுக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஒருவர் கீழிருந்து தூக்க, இன்னொருவர் பக்கத்தில் குந்தியிருந்து அந்த இடைவெளியால் குழாயின் நுனியைக் கண்ணால் பார்த்து வழிநடத்த வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கண் பெறாமகனுடையது. "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் மாமா" என்று அவன் அதிகாரம் பண்ணும் ஒரே இடம் அதுதான். தண்டின் பற்களுக்குப் பக்கவாட்டில் கிறீஸ் பூசலாம். உச்சந்தலையில் அப்பினால் அது துளைக்குள் அடைபட்டு, முழுவதும் ஏறவிடாமல் தடுக்கும்.

போல்ற்றுகளைத் திரும்பப் போடும்முன் ஒவ்வொன்றின் புரியையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, தண்ணீரில் கரையாத கடல் கிறீஸைப் புரி நிறையப் பூசினோம். துளைகளுக்குள்ளும் பூசினோம். போல்ற் சுழன்று இறங்கும்போது மிஞ்சிய கிறீஸ் தலையைச் சுற்றிப் பிதுங்கி வர வேண்டும், வராவிட்டால் போதவில்லை. அத்தான் தன் படகின் போல்ற்றுகளைச் சோளகம் தொடங்கும்முன் ஒரு தடவை, மாரி தொடங்கிப் படகு கரையேறும்போது ஒரு தடவை, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இளக்கிக் கிறீஸ் பூசி மூடுகிறார். அப்படியானால் அளம்பிலில் பம்ப் ஏன் போனது என்று கேட்பீர்கள். இது அவர் பராமரித்து வந்த எஞ்சின் அல்ல, மாசி மாதம் பாவித்த நிலையில் வாங்கிய இரண்டாம் எஞ்சின். முந்திய உரிமையாளர் அதன் கீழ்ப்பகுதியை ஒருமுறைகூட இறக்கியதில்லை என்பதை அந்தப் போல்ற்றுகளே சொன்னன.

பரிசோதனைக்குப் பாதி வெட்டிய நீலப் பரல். தண்ணீர் மட்டம் உறிஞ்சும் சல்லடைக்கும் பம்ப்புக்கும் மேலே நிற்க வேண்டும். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, கியர் போடாமல் மெதுவாக ஓட விட்டோம். முதலில் காற்று, பிறகு கறுப்புத் தண்ணீர், பிறகு சுத்தமாக வந்தது. முறுக்கச் சொல்லிப் பக்கத்து வாடிக்காரர் கத்தினார், அத்தான் முறுக்கவில்லை. மெதுவாக ஓடும்போது வரும் தண்ணீரைத்தான் அவர் பார்க்க வேண்டியிருந்தது. பத்து நிமிடம் கழித்து சிலிண்டர் தலையில் கையை வைத்தார், எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பீச்சும் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தார், இளஞ்சூடு. ஆவியும் இல்லை, சில்லென்றும் இல்லை. நல்ல தண்ணீரிலேயே ஓடியதால் உள்ளே இருந்த உப்பும் கொஞ்சம் கரைந்து போயிருக்கும், அது மேலதிக இலாபம்.

எத்தனை காலத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்பதில் கரையில் ஒருமித்த கருத்து இல்லை. ஆழக்கடலில் மட்டும் ஓடும் எஞ்சினுக்கு இரண்டு பருவம் தாங்கலாம். நாயாற்று வாயால் தினமும் போய் வருபவர்கள் அதை நம்பக் கூடாது. என் கணக்கு, தொழில் எஞ்சினுக்கு வருடம் ஒரு தடவை, நன்றாக இருக்கிறதோ இல்லையோ. மாரியில் படகுகள் கரையில் கிடக்கும்போது செய்தால் ஒரு நாள் தொழிலும் கெடாது. மாற்றிய மாதத்தையும் வருடத்தையும் எஞ்சின் மூடியின் உட்பக்கத்தில் பெயின்ற்றால் எழுதி வையுங்கள். வெளியே எழுதினால் விற்கும்போது யாராவது திருத்திவிடுவார்கள்.

இப்போது வாடிக்குப் பின்னால் அந்தச் சட்டத்தில் பக்கத்து வாடிக்காரரின் எஞ்சின் தொங்குகிறது. ஒரு போல்ற் ஏற்கனவே முறிந்த நிலையில்தான் கொண்டுவந்தார். அதற்கு நடுவில் புள்ளி அடித்து, இடப்பக்கம் சுழலும் துளை அலகால் துளைத்து எடுக்க வேண்டும். அந்த அலகு முல்லைத்தீவில் கிடைக்கவில்லை, வவுனியாவுக்குப் போகும் பஸ்காரரிடம் சொல்லி விட்டிருக்கிறோம்.